இரண்டு வகையறாவுக்கும் ஒரே சர்வர்

சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் வித்யாஸ்ரீக்கு ஆபீஸ். மொத்த வியாபாரக் கடைகளுக்குக் கேமரா மாட்டுவது, பில் மெஷினுக்கு லைன் இழுப்பது, வைஃபை எட்டாத குடோனுக்குள் அதை எட்டவைப்பது, இதுதான் பிழைப்பு. வயது முப்பத்தாறு. வீடு வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம். தொழிலில் கெட்டிக்காரி, பொறுமையில் அவ்வளவு இல்லை.

ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பேர் மாடியேறி வந்தார்கள். முன்னால் வந்த தங்கப்பாண்டியை அவளுக்குத் தெரியும். பரவை மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். அங்கே கேமரா மாட்டியவளே அவள்தான். பின்னால் வந்தவர் ஆண்டிச்சாமி, டிராக்டர் வாடகைக்கு விடுகிறவர். இரண்டு பேரும் ஒரே ஊர், பங்காளிகள், வந்ததும் ஒரே பஸ்ஸில். ஆனால் நான்கு வருடமாகப் பேச்சு கிடையாது. ஒருவர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார், மற்றவர் காலண்டரைப் பார்த்து. ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தபோதெல்லாம் வித்யாஸ்ரீதான் திருப்பிச் சொன்னாள், மூன்று பேரும் ஒரே மேஜையைச் சுற்றி இருந்தும்.

அவள் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்ட விவகாரம் இதுதான். பரவையைத் தாண்டி மேற்கே அவர்கள் ஊர். பெயர் வேண்டாம், பிரச்சினை இன்னும் ஓய்ந்தபாடில்லை. அந்த ஊரில் ஒரு கருப்பசாமி கோயில். திருவிழாவில் முதல் மரியாதை பேயாண்டி வகையறாவுக்கா, நல்லகாமன் வகையறாவுக்கா என்று தகராறு முற்றி, அதிகாரிகள் வந்து கோயிலைப் பூட்டி சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து திருவிழா இல்லை. ஊர் இளவட்டங்கள் கட்டை கட்டையாக அடுக்கி உலகம் கட்டும் கம்ப்யூட்டர், போன் விளையாட்டில் கோயிலை அப்படியே எழுப்பிவிட்டார்கள். புளியமரம், மண்குதிரை, நட்டுவைத்த அரிவாள் எல்லாம் உண்டு. ஆனால் அங்கேயும் இரண்டு கோயில். தங்கப்பாண்டியின் பேயாண்டி வகையறாவில் படித்து வெளியூர் போனவர்கள் அதிகம், அவர்கள் கம்ப்யூட்டரில் கட்டினார்கள். ஆண்டிச்சாமியின் நல்லகாமன் வகையறா போனில் கட்டியது. இதில் இருப்பவர் அதற்குள் நுழைய முடியாது. ஒரு சாமி இரண்டு இடத்தில் எப்படி உட்காரும் என்று பூசாரி கேட்டுவிட்டார். ஆகவே எல்லாரும் ஒரே கோயிலுக்குள் வருகிற மாதிரி வழி செய்து தர வேண்டும், ஆடியில் திருவிழா.

"விளையாட்டுக்குள்ளயா திருவிழா?" என்று வித்யாஸ்ரீ கேட்டாள்.

"அங்க சீல் வைக்கல தாயி," என்றார் தங்கப்பாண்டி. ஜன்னல் பக்கமிருந்து ஆண்டிச்சாமியும் தலையாட்டினார். நான்கு வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அவள் போனை எடுத்து அப்பாவிடம் சௌராஷ்டிர பாஷையில் ஐந்து நிமிடம் புலம்பினாள். வந்தவர்கள் வேலை சம்பந்தமாகப் பேசுகிறாள் என்று எண்ணி மரியாதையாகக் காத்திருந்தார்கள். ஆனால் போனை வைக்கும்போது அவளுக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஆட்டமும் போன் ஆட்டமும் பார்வைக்கு ஒன்று, உள்ளே பாஷை வேறு. ஆட்டத்தை ஓட்டும் சர்வர் கம்ப்யூட்டருக்குள் நுழையும் வாசலும் வேறு வேறு எண். நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு மென்பொருளை உட்காரவைத்தால் போனிலிருந்து வருகிறவன் பேசுவதைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றி உள்ளே அனுப்பும். இதுவரை செய்ததில்லை. செய்து பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

முதல் சிக்கல் இடத்தில் வந்தது. மும்பையில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால் வேலை சுலபம் என்றாள். இருவரும் திடுக்கிட்டார்கள். கருப்பசாமியாவது ஊர் எல்லையைத் தாண்டி மும்பைக்குப் போவதாவது. சர்வர் ஊருக்குள்தான் இருக்க வேண்டும். ஆனால் தங்கப்பாண்டி வீட்டில் வைக்க ஆண்டிச்சாமி சம்மதிக்கவில்லை, ஆண்டிச்சாமி வீட்டில் வைக்கத் தங்கப்பாண்டியும். கடைசியில் மெயின் ரோட்டில் டீக்கடை போட்டிருந்த சுடலையின் கடை அகப்பட்டது. சுடலை நாங்குநேரிப் பக்கத்துக்காரர், பதினோரு வருடமாக இங்கே கடை. எந்த வகையறாவிலும் சேர்த்தி இல்லை. கேட்டதற்கு, பிஸ்கட் பாட்டில்களை நகர்த்தி இடம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டுக்கொள்ளவில்லை.

வித்யாஸ்ரீ கம்ப்யூட்டரையும் யு.பி.எஸ்ஸையும் கொண்டுவந்து வைத்தாள். கேபிள்காரரிடம் சண்டை போட்டு, வெளியிலிருந்து ஆட்கள் தேடி வரக்கூடிய நிலையான இன்டர்நெட் முகவரி ஒன்றை வாங்கினாள். இரண்டு வாசலையும் திறந்தாள். மொழிபெயர்ப்பு மென்பொருளை ஓடவிட்டாள். கம்ப்யூட்டரிலிருந்து ஒருவரும் போனிலிருந்து ஒருவரும் ஒரே புளியமரத்தடியில் வந்து நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டபோது, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த சுடலையிடம் திரும்பிப் பார்க்கச் சொன்னாள். அவ்வளவு சந்தோஷம்.

சந்தோஷம் அரைமணி நேரம் நீடித்தது. அந்த மென்பொருளுக்கு ஒரு பழக்கம். போனிலிருந்து வருகிறவர்களை அடையாளம் தெரிந்துகொள்ள அவர்கள் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்கும். திரையைப் பார்த்த தங்கப்பாண்டிக்கு முகம் சுருங்கியது. அவுங்களுக்கு மட்டும் பொட்டு வச்சு வரவேற்கிறீங்களாக்கும் என்றார். அதே நேரம் கடைக்கு வெளியே தன் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி உள்ளே வந்தார்.

"எங்காளுக அம்புட்டுப் பேருக்கும் கரும்புள்ளி குத்தியிருக்கீங்க. கழுதைதான் பாக்கி. அதையும் கொண்டாந்துருங்க."

ஒரு புள்ளி ஒருவருக்கு மரியாதையாகவும் இன்னொருவருக்கு அவமானமாகவும் இருக்க முடியும் என்பது வித்யாஸ்ரீயின் படிப்பில் சொல்லித்தரப்படவில்லை. புள்ளியை எடுத்துவிட்டாள்.

எடுத்ததும் அடுத்தது வந்தது. பேயாண்டி வகையறாவில் ஒரு கருப்பு, கத்தாரில் கிரேன் ஓட்டுகிறவர். நல்லகாமன் வகையறாவில் ஒரு கருப்பு, சிம்மக்கல்லில் ஆட்டோ ஓட்டுகிறவர். இருவரும் குலசாமி பெயரையே வைத்துக்கொண்டவர்கள். புள்ளி போனதும் சர்வருக்கு இருவரும் ஒருவர். கத்தார் கருப்பு உள்ளே வந்தால் ஆட்டோ கருப்பு வெளியே வீசப்பட்டார். அவர் மறுபடி வந்தால் இவர் போனார். ஒரு முழுப் பகலும் ஒருவரையொருவர் தூக்கியெறிந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கு முப்பது தடவைக்குமேல். எதிராளி வேண்டுமென்றே செய்கிறான் என்று இரண்டு வகையறாவிலும் பேச்சு கிளம்பிவிட்டது. பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னால் சாமி பெயரை எப்படி மாற்றுவது என்றார்கள். ஒன்று, இரண்டு என்று நம்பர் போடலாமா என்றால், யார் ஒன்று என்றார்கள். வித்யாஸ்ரீ ஒரு காகிதத்தில் ஆங்கில எழுத்தில் கருப்பு என்று எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருவருக்குக் கடைசியில் ஒரு யூ கூடுதலாகவும் இன்னொருவருக்கு நடுவில் ஒரு பி கூடுதலாகவும் போட்டாள். ஆளுக்கு எட்டு எழுத்து. இரண்டு தரப்பும் தனித்தனியே எண்ணிப் பார்த்து ஒத்துக்கொண்டன.

மிஞ்சியது முதல் மரியாதை. அதற்கும் அவளே ஒரு வழி சொன்னாள். சர்வர் யார் எந்த நொடியில் கோயிலுக்குள் நுழைந்தார்கள் என்று தானாகவே ஒரு பதிவேடு எழுதும். அதற்குச் சொந்தக்காரன், பங்காளி என்று யாரும் கிடையாது. கோயில் மதிலுக்கு வெளியே எல்லாரையும் நிறுத்திவைத்து, நல்ல நேரத்தில் கதவைத் திறப்போம். பதிவேட்டில் முதல் வரியில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் பரிவட்டம். விளையாட்டுக்குள் தங்கத் தலைக்கவசம் ஒன்று உண்டு, அதையே பரிவட்டமாக வைத்துக்கொள்ளலாம். இருவரும் அவரவர் ஆட்களிடம் கலந்துவிட்டு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து வித்யாஸ்ரீக்கு நிம்மதி போனது. கம்ப்யூட்டர்காரன் மூன்று நொடியில் உள்ளே வந்துவிடுகிறான், போன்காரனுக்குப் பதினோரு நொடி ஆகிறது. இந்த எட்டு நொடி அநியாயம் அவளைச் சாப்பிடவிடவில்லை. கதவு திறப்பதற்குள் எல்லாருக்கும் கோயில் முழுவதும் முன்கூட்டியே இறங்கியிருக்கும்படி மாற்றினாள். சரிபார்த்தாள், திருப்பியும் சரிபார்த்தாள். முன்பின் தெரியாத இரண்டு வகையறாக்களுக்கு நடுவே நொடியில் நூறில் ஒரு பங்குக்கு நியாயம் பார்க்கிறோமே என்று டவுன் பஸ்ஸில் போகும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். ஆனால் வேலையை விடவில்லை.

அவள் கணக்கில் எடுக்காதது ஒன்று. தூரம் குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ இரண்டு தரப்புக்கும் சொல்லிவிட்டார்கள். திருவிழா நாள் காலை ஒன்பது மணிக்கு அவள் போய் இறங்கியபோது சுடலையின் டீக்கடையில் கால்வைக்க இடமில்லை. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் லேப்டாப்போடு வந்திருந்தார்கள். பெஞ்சில், பெஞ்சுக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிமேல், எங்கும் ஆள். சர்வருக்கு ஒரு முழம் நெருக்கமாக இருப்பதற்காகத் தங்கப்பாண்டியின் மருமகன் பாய்லரைக் கட்டிப்பிடிக்காத குறையாக நின்றார். வீட்டில் உட்கார்ந்தபடி சாமி கும்பிடத்தான் இத்தனையும் செய்தது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யாரும் நகரவில்லை. கத்தார் கருப்பு மட்டும் வேறு வழியில்லாமல் கத்தாரிலேயே இருந்தார்.

பத்தரைக்கு நல்ல நேரம். ஆண்டிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுப் போனைக் கையில் எடுத்தார். அவரைப் பார்த்து எல்லாரும் கழற்றினார்கள். வித்யாஸ்ரீ தன் லேப்டாப்பிலிருந்து கதவைத் திறக்கும் கட்டளையை அனுப்பினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. அறுபது எழுபது போன்கள் சுடலையின் ஒற்றை வைஃபை பெட்டியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாத் திரையிலும் படம் அப்படியே உறைந்துபோயிருந்தது. மதிலுக்கு வெளியே இரண்டு வகையறாவும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. கத்தாரில் இருந்தவருக்கும் உள்ளே வர வழியில்லை. கட்டளை போய்ச் சேர்ந்ததா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. சர்வர் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் நிற்பது சுடலை ஒருவர்தான். கடையில் ஈ ஓட்டும் நேரத்தில் அவர் வைஃபை தேவைப்படாத அந்தக் கம்ப்யூட்டரிலேயே விளையாட்டுக்குள் நுழைந்து புளியமரத்துக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பார், அது அவளுக்குத் தெரியும்.

"அண்ணே, கதவு தொறந்திருச்சான்னு கொஞ்சம் பாருங்க," என்று கூட்டத்துக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

சுடலை கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு பார்த்தார். திறந்திருந்தது. திறந்திருந்த கதவைப் பார்த்தபின் வெளியே நிற்பது மரியாதையாக இருக்காது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். உள்ளே போனார். விளக்கு எரியாமல் இருந்தது, ஏற்றினார். வந்ததற்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, "தொறந்துதாம்மா இருக்கு," என்று சொல்லிப் பாலைக் கவனிக்கத் திரும்பினார்.

நான்கு நிமிடம் கழித்து வைஃபை மூச்சுவிட்டது. மொத்தக் கூட்டமும் ஒரே தள்ளாக உள்ளே விழுந்தது. ஆட்டோ கருப்பு தான்தான் முதல் என்று சத்தியம் செய்தார். பேயாண்டி வகையறாவில் மூன்று பேர் அதே சத்தியத்தைச் செய்தார்கள். தங்கப்பாண்டி கையை உயர்த்தி எல்லாரையும் அமர்த்தி, பதிவேட்டை வாசிக்கச் சொன்னார்.

வித்யாஸ்ரீ பதிவேட்டைத் திறந்தாள். முதல் வரி: பத்து மணி, முப்பத்தொரு நிமிடம், ஏழு நொடி, சுடலை. அடுத்த வரிக்கு நேரம் பத்து முப்பத்தைந்து. அவரைப் பார்க்கச் சொன்னதே அவள்தான். பதிவேடு என்பது சாதாரண எழுத்துக் கோப்பு. ஒரே ஒரு வரியை அழித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அழித்தால் இரண்டாவது வரி முதல் வரியாகும். அதில் இருந்த பெயரையும் அவள் பார்த்துவிட்டாள். அது யார், எந்த வகையறா என்று இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விரலை அழிக்கும் சாவிமேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டு, முதல் வரியை இருக்கிறபடியே வாசித்தாள்.

பால் பொங்கி வழிந்தது, சுடலை அடுப்பைத் தணிக்க மறந்து நின்றார்.

ஆண்டிச்சாமி மெல்லத் திரும்பினார். நான்கு வருடத்தில் முதல் தடவையாகத் தங்கப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார்.

"அவன்னா எனக்குச் சம்மதம். ஒனக்கு?"

"ஒனக்குக் கெடைக்கலேல்ல. அப்பச் சம்மதந்தான்," என்றார் தங்கப்பாண்டி.

வித்யாஸ்ரீ விளையாட்டுக்குள் சுடலையின் தலையில் தங்கக் கவசத்தை ஏற்றினாள். அது திரையில் மினுங்கியதைப் பார்த்த சுடலை தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு போதாது என்று யாரோ புதுத் துண்டு வாங்கிவரச் சொல்லி, அதைப் பூசாரி கையால் நிஜமாகவே கட்டிவிட்டார்கள். பரிவட்டம் கட்டியவர் ஊருக்குச் சோறு போடுவது அங்கே வழக்கம். அதை யாரும் வற்புறுத்தவில்லை, நினைவூட்டத் தவறவுமில்லை. சுடலை கட்டிய பரிவட்டத்தோடு பருப்பு வடை போட்டார், தக்காளிச் சாதம் கிளறினார். இரண்டு வகையறாவும் ஒரே பெஞ்சில் மாறி மாறி உட்கார்ந்து சாப்பிட்டது. தங்கப்பாண்டியும் ஆண்டிச்சாமியும் அந்த ஒரு வார்த்தைக்குமேல் பேசவில்லை. ஆனால் தண்ணீர்ச் செம்பை ஒருவர் நகர்த்த மற்றவர் எடுத்துக்கொண்டார்.

நான்கு மணிக்கு வித்யாஸ்ரீ லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். அப்பாவுக்கென்று கட்டிக்கொடுத்த வடைப் பொட்டலம் கையில் சுட்டது. சுடலை ரோடுவரை கூடவே வந்தார். காலையிலிருந்து அடுப்பின் முன்னால் நின்றதில் பரிவட்டம் கருத்துப்போய் ஒரு காதுமேல் சரிந்திருந்தது. அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"யம்மா, அடுத்த வருசம் நான் எப்பப் போனாலும் கடைசியாப் போன மாரி காட்டுதாப்ல ஏதாவது செஞ்சு விட்டுருங்க. நூத்தி எம்பது பேருக்குச் சோறும்மா."

பஸ் வந்துவிட்டது. பார்க்கிறேன் அண்ணே என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.