கண்ணாடிக்குள் இருந்த கீரை

மளிகைக் கடைக்காரி ஃபிரிட்ஜிலிருந்து கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களை இரண்டிரண்டாக எடுத்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அதிகாரி வருகிறார்.

ஃபிரிட்ஜ் மானியத்தில் வந்தது. காய்கறிக் கடையே இல்லாத தெருக்களில் பச்சைக் காய்கறி விற்கிறவர்களுக்கு மட்டும் என்று கொடுத்தார்கள். முதல் மாதம் விற்றாள். பாதி வாடியது. பிறகு பாட்டில் கம்பெனிக்காரன் வந்தான். பாட்டில் வாடுவதில்லை.

"மூஞ்சியைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சுக்கோ," என்றான் புருஷன்.

"சிரிச்சா அழுதுடுவேன்ங்க. ஃபிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களா? கேஸ் போடுவாங்களா?"

"வாயைத் திறக்காம இரு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவன் பார்த்துக்கொண்டது இதுதான்: கேன்டீன் நடத்தும் அவள் அண்ணனிடம் மூன்று கூடை காய்கறி இரவல். அண்ணன் இறக்கிவைத்துவிட்டு விரலை ஆட்டினான். "பதினோரு மணிக்கு வந்து எடுத்துப்பேன். ஒரு கேரட் குறைஞ்சாலும் எனக்கு மதியச் சமையல் இல்ல. தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன்."

கேரட், கோஸ், பீன்ஸ், மேல் தட்டில் கீரைக்கட்டு. அடுக்கி முடித்தபோது வாசலில் அதிகாரி அம்மா நின்றிருந்தார். கையில் ஃபைல்.

"தினமும் விக்குதாம்மா?"

"விக்குதுங்க மேடம்." தன் குரல் யாருடையதோ போல அவளுக்குக் கேட்டது.

அதிகாரி குறித்துக்கொண்டார். இன்னும் ஐந்து நிமிடம். போய்விடுவார்.

அப்போதுதான் எதிர்வீட்டுத் தையல்காரர் மனைவி தீப்பெட்டி வாங்க வந்தாள். ஃபிரிட்ஜைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அடியே, மறுபடியும் கீரையா! நம்ம தெருவுலயா!" கண்ணாடிக் கதவைத் திறந்து இரண்டு கட்டைக் கையில் எடுத்தாள்.

கடைக்காரி பாய்ந்து வந்தாள். கீரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "அது வேணாம்க்கா. வேற ஆளுக்கு எடுத்து வெச்சது."

"சரி, கேரட் குடு."

"அதுவும் அவங்களுக்குத்தான்."

"கோஸு?"

"அதுவும்..."

"எல்லாமே ஒரே ஆளுக்கா? அவரென்ன, யானை வளக்கறாரா?"

அதிகாரியின் பேனா நின்றது. புருஷன் தராசைத் துடைக்க ஆரம்பித்தான்.

"ஒரு கட்டாவது விடுடி. இதுக்கு நான் ரெண்டு பஸ் மாறிப் போறேன். போற அன்னைக்குத்தான் அவருக்குக் காய். மத்த நாள்ல வெறும் சோறு. சர்க்கரை எப்படி இறங்கும்?"

அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "விண்ணப்பத்துல ஒரு தையல்காரரைப் பத்தி எழுதியிருக்கீங்களே. சர்க்கரையில கால் விரல் ரெண்டு போச்சு, பக்கத்துல காய்கறிக் கடை இருந்தா இந்த நிலைமை வந்திருக்காதுன்னு. அவர் வீட்டுக்காரங்களா இவங்க?"

தையல்காரர் மனைவி கீரையை விட்டுவிட்டாள்.

"அவர் விரலைக் காட்டியா இதை வாங்கின?" சத்தமே போடாமல் கேட்டாள். "எட்டு மாசமா இதுல கலர் பாட்டிலத்தானே பாக்கறேன். இன்னும் எட்டு விரல் இருக்கு. அதையும் எழுதி இன்னொண்ணு வாங்கிக்கோ."

காலையிலிருந்து கடைக்காரி பயந்ததெல்லாம் ஃபிரிட்ஜுக்காக. இப்போது வந்த பயம் வேறு. இந்த முகத்தைத் தினமும் எதிர்வாசலில் பார்க்க வேண்டும்.

"மேடம், இது இரவல் காய்," என்றாள். புருஷன் இருமினான். அவள் நிறுத்தவில்லை. "எட்டு மாசமா பாட்டில்தான் வெச்சேன். மூட்டைக்குப் பின்னால இருக்கு, பாருங்க."

அதிகாரி போய்ப் பார்த்தார். திரும்பி வந்து நெடுநேரம் எழுதினார். "நடந்ததை நான் எழுதித்தான் ஆகணும். பதினஞ்சு நாள்ல மறுபடி வருவேன். அப்பவும் இப்படித்தான்னா, ஃபிரிட்ஜ் போயிடும். மேல என்ன நடவடிக்கைன்னு ஆபீஸ்லதான் முடிவு பண்ணுவாங்க."

அவர் படியிறங்கியதும் புருஷன் சீறினான். "கையில வந்ததைக் கெடுத்தியே! நமக்குக் கிடைச்சதை யாராவது இப்படி..."

"நமக்கு எப்பங்க கிடைச்சது?" என்றாள் அவள். "தெருவுக்குன்னு குடுத்தாங்க. இல்லாதவங்க பேரைச் சொல்லி வாங்கினதை நாமளே வெச்சுக்கிட்டா அது மானியம் இல்ல. அவங்க தட்டுல கைய விட்டு எடுத்த சோறு."