எலும்பில்லாப் பட்டம்

அக்காவை முன்னறையின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில், தரையில், அவள் மகள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் சித்தி. வீட்டிலேயே ஆடாத நாற்காலி அது ஒன்றுதான் என்பது தெரிந்து, வந்ததும் வராததுமாகப் பிடித்துவிட்டாள். வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகப் பக்கத்து வீட்டுக்காரர். தெருவில் எது நடந்தாலும் முதல் செய்தி அவர் வாயிலிருந்துதான் வரும் என்பதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். தையல் மெஷினுக்கு முன்னால் இருந்த முக்காலியில், மெஷினுக்கு முதுகைக் காட்டியபடி, அத்தான். தம்பிக்கும் இடம் இருந்தது. அவனால்தான் உட்கார முடியவில்லை.

தலை பாதி நரைத்த பிறகும் ஊருக்கெல்லாம் அவன் தம்பிதான். குடை பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். காலையில் இருந்து சமையலறைக்கும் முன்னறைக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தான்.

"ஒரு எடத்துல நில்லேன்டா. பாக்கற எனக்குத் தலை சுத்துது" என்றாள் சித்தி.

"நிக்கிறேன் சித்தி" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்பக்கம் போனான்.

கொடிக்கயிற்றில் ஒரு தலையணை உறை காய்ந்துகொண்டிருந்தது. அதன் வாயை விரித்துக் காற்றுக்குக் காட்டினான். உப்பியது. பை போலத்தான் உப்பியது. ரொட்டி வாங்கிய உறையைப் பிடித்துப் பார்த்தான். அத்தானின் மழைக்கோட்டை இரண்டு கிளிப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டுப் பார்த்தான். ஒன்றும் தேறவில்லை. "பை எல்லாம் பட்டமாகாதுடா" என்று அக்காவாக இருந்தால் சொல்லியிருப்பாள்.

அக்கா தைத்தது எலும்பில்லாப் பட்டம். குச்சி கிடையாது, சட்டம் கிடையாது. துணியைப் பொட்டலம் போலத் தைத்து, முன்பக்கம் ஒரு வாய் விட்டு, கடிவாளக் கயிறு கட்டி விட்டால், உள்ளே போகும் காற்றே எலும்பாகி நிற்கும். பழைய குடைத்துணி எல்லாம் தம்பி கடையிலிருந்து வரும். உருவம் மட்டும் அவள் தலையிலிருந்து. எங்கிருந்து பிடிக்கிறாய் என்று யாராவது கேட்டால் கொடிக்கயிற்றைக் காட்டுவாள். வீட்டில் இருக்கிற துணியை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, எதிரே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, காற்று எதை எப்படி ஊதுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பைஜாமாவின் ஒற்றைக் கால் விலாங்கு மீனாயிற்று. அத்தான் பனியனோடு மல்லாந்து தூங்கிய ஒரு மத்தியானம் கடல் பசுவாயிற்று. அந்த வருஷம் அத்தானின் தொப்பையைக் கடற்கரையில் ஊரே அண்ணாந்து பார்த்தது.

தூரத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் பட்டக்காரர்கள் சங்கம் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை அங்கே பட்டம் விடுவார்கள். யாரும் முன்னே செய்யாத உருவமாக, வரைபடமும் உள்ளங்கை அளவில் துணியில் தைத்த ஒரு மாதிரியும் அனுப்பினால்தான் இடம். அக்கா ஒரு வருஷம் கூடத் தவறவிட்டதில்லை. இந்த வருஷத்துக்கு இன்றைய தபால்தான் கடைசி.

போன வாரம் படுக்கையில் இருந்தபடி அவள் சொன்னாள்: "இந்தத் தடவ நீ கண்டுபிடி."

"எனக்கு வெட்டத்தான்க்கா தெரியும்."

"தெரியும். அதான் சொல்றேன். திமிங்கலம் பாக்கறேன், கழுகு பாக்கறேன்னு ஊர் சுத்தக் கெளம்பிடாத. வீட்டுக்குள்ளயே பாரு. காத்து எங்க வந்து உக்காருதுன்னு மட்டும் பாரு."

"சரிக்கா."

"சும்மா சரின்னு சொல்லாத. அனுப்புவியா மாட்டியா?"

"அனுப்பறேன்."

அந்தச் சொல்தான் இப்போது அவன் காலைத் தரையில் பாவவிடாமல் துரத்திக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகத் தேடியும் கிடைக்காதது, அவள் செத்துக் கிடக்கும்போது கிடைத்துவிடுமா? இருந்தும் கண் அடங்கவில்லை. சித்தியின் முந்தானை ஜன்னல் காற்றில் எழும்பினால் அங்கே போயிற்று. ரேடியோவின் சட்டை முதுகில் புடைத்தால் அங்கே. துக்க வீட்டில் இப்படியும் ஒரு கண்ணா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, திட்டி முடிப்பதற்குள் மறுபடியும் பார்த்தான்.

வெயில் ஏறி அறை புழுங்கியது. ரேடியோ எழுந்து போய் தன் வீட்டு மேஜை விசிறியைத் தூக்கிவந்து அக்காவின் கால்மாட்டில் வைத்தார். மகள் அம்மாவின் மேல் வெள்ளை விரிப்பைப் போர்த்தி, தோளிலும் இரண்டு விலாவிலும் உள்ளே செருகிவிட்டிருந்தாள். கால்பக்கம் மட்டும் செருகவில்லை. விசிறி சுழன்று திரும்பியது. கால்பக்கம் புகுந்த காற்று விரிப்புக்குள் ஏறி, முழங்காலைத் தாண்டி, வயிற்றைத் தாண்டி, மார்பு வரைக்கும் மெல்ல எழுந்தது.

"ஐயோ! மூச்சு விடறாடா!" சித்தி நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தாள்.

ரேடியோ தெருவுக்கே ஓடிவிட்டார்.

"ஃபேன், சின்னப்பாட்டி. ஃபேன் காத்து" என்றாள் மகள். சொன்ன பிறகும் அவளே விரிப்பைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

விசிறி அந்தப் பக்கம் திரும்பியது. விரிப்பு அடங்கியது. தெருவில் இருந்து, "தப்பு, தப்பு, ஒண்ணும் இல்ல, உள்ள போங்க" என்று ரேடியோ தன் செய்தியைத் தானே திருத்தும் சத்தம் வந்தது.

தம்பி அசையாமல் நின்றான். காலையில் இருந்து முதல் தடவையாக நின்றான். விசிறி திரும்பி வரக் காத்திருந்தான். வந்தது. கால் இருக்கும் இடத்தில் ஒடுக்கம். இரண்டு காலுக்கும் நடுவே ஒரு பள்ளம், ஓடை மாதிரி. இடுப்பில் அகன்று, தோளில் செருகிய இடத்தில் இரண்டு மடிப்பாகப் பிரிந்து... இப்படி ஒரு உருவத்தை உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் வராது. அவன் கை சட்டைப்பையில் இருந்த, துணியில் குறிபோடும் சுண்ணக்கட்டியைத் தேடி எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் உடம்பு கூசியது. மூடினான் கையை. அத்தான் பக்கம் திரும்பினான்.

"அத்தான். உங்கள ஒண்ணு கேக்கணும்."

"கேக்காத மாப்ள" என்றார் அத்தான். அவர் ஒரு ஓட்டலில் லிஃப்ட் இயக்குகிறவர்; மேலே, கீழே என்ற இரண்டுக்கு மேல் அதிகம் பேசிப் பழக்கமில்லை. "நானும் பாத்தேன்."

முக்காலியில் இருந்து எழுந்து, அதை மெஷின் பக்கம் திருப்பி வைத்தார். சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டார். "வாய் கால்பக்கம்தானே?"

"ஆமா அத்தான்."

தம்பி காகிதத்தில் வரைந்தான். சாம்பல் நிறக் குடைத்துணியில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு துண்டு வெட்டினான். மெஷின் சக்கரத்தில் கை வைத்ததும் சித்தி ஆரம்பித்தாள்.

"பொணத்த நடுவுல வச்சுக்கிட்டு மெஷின் ஓட்டுவியா? நாலு பேரு கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்கடா. இன்னும் கொஞ்ச நேரத்துல வண்டி வந்துரும். பெத்த பொண்ணு உக்காந்து அழுவுது, கூடப் பொறந்தவனுக்குத் தையல் வேல!"

"அத்த, இத்தன வருஷமா அந்தச் சத்தத்துலதான் நான் தூங்கினேன்" என்றார் அத்தான். "ஓட்டட்டும்."

மெஷின் ஓடியது. தெருவில் போனவர்கள் யாரோ நின்றதும், ரேடியோ தாழ்ந்த குரலில் அவர்களுக்கு ஏதோ சொல்லி அனுப்பியதும் கேட்டது. தம்பி நூலை அறுத்து, மாதிரியை மகளிடம் நீட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புரட்டிப் பார்த்தாள்.

"மாமா."

"என்ன?"

"வாயையும் சேத்துத் தச்சுட்டீங்க."

குடைக்காரன் கை அது. துணி கிடைத்தால் ஓரம் ஓரமாக ஒரு சுற்று சுற்றி முடித்துவிட்டுத்தான் நிற்கும். பட்டம் என்றால், வாய் விட வேண்டிய பக்கம் வந்ததும், "நிறுத்து" என்று அக்கா பக்கத்தில் இருந்து சொல்வாள். அதைத் தாண்டி அவன் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவன் மாதிரியைக் கையில் வாங்கி, மூடிய வாயைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மகள் அதை அவனிடமிருந்து வாங்கி, நூல் பிரிக்கும் ஊசியை எடுத்தாள். முனை துணியில் இறங்கப் பார்த்தது.

"குடு இங்க" என்றாள் சித்தி. "கண்ணு நெறையத் தண்ணிய வச்சுக்கிட்டு நீ என்னத்தப் பிரிக்கப் போற? கிழிச்சு வச்சுருவ."

கொண்டையில் இருந்து ஊசியை உருவி, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, தையலை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பிரித்தாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அவனைத் திட்டினாளா, செத்தவளைத் திட்டினாளா என்று தெரியவில்லை. பிரித்து முடித்ததும் வாயை விரலால் அகட்டி, விசிறிக்கு நேரே பிடித்தாள். சின்னஞ்சிறு துணி அவள் விரல் நுனியில் நிமிர்ந்தது. பள்ளம், இடுப்பு, தோள்.

அறையில் இருந்த நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"ம்" என்றாள் சித்தி. அவனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்தாள்.

வண்டி வந்தது. போனார்கள். திரும்பி வரும்போது கடைத்தெருத் திருப்பத்தில் தம்பி இறங்கிக்கொண்டான். தபால் நிலையத்தின் சாய்வு மேஜையில் நின்றபடியே எழுதினான். நீளம், அகலம், கடிவாளம் கட்டும் இடங்கள், வாய் எந்தப் பக்கம். வருஷா வருஷம் எழுதுவது போல, கீழே இரண்டு வரி: உருவம், அக்கா பெயர். வெட்டும் தையலும், அவன் பெயர். அக்கா பெயருக்கு முன்னால் ஏதாவது சேர்க்க வேண்டுமோ என்று பேனாவைத் தூக்கிப் பிடித்தான். காத்திருந்த பெண் ஒருத்தி, "எழுதிட்டீங்களா?" என்றாள். பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டான்.

கவுன்ட்டர்க்காரர் உறையை எடை போட்டுப் பார்த்தார்.

"உள்ள என்ன சார், இப்படி உப்பிக்கிட்டிருக்கு?"

"துணிதான். கொஞ்சம்."

"ஒட்டவே வராதே இது."

அவர் உறையை மேஜையில் வைத்து, மேலே உள்ளங்கையைப் பதித்து அழுத்தினார். திறந்திருந்த மடிப்பு வழியாகக் காற்று மெதுவாக வெளியே போயிற்று. இன்னொரு முறை அழுத்தினார். பிறகு பசை தடவி, மடித்து ஒட்டி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்கில் போட்டார்.

"அடுத்தது யாரு?"

தம்பி நகர்ந்து வழிவிட்டான்.