ரொட்டியில் 248

ஸ்டேஷனில் கோச்சி வந்து நிற்பதற்குள் ரொட்டி வெந்தாக வேண்டும். தட்டிய மாவில் தனுஜா ஊக்கால் அவசரமாகக் கீறினாள். ஒன்றில் 220, இன்னொன்றில் 248. புகை கண்ணைக் கரித்தது. துடைக்க நேரமில்லை.

உள்ளே நிரஞ்சன் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தாலி கட்டி இரண்டு வருடம். கொழும்பில் வேலையாம், இனி இந்த லயத்து வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டானாம். அவளைக் கூட்டிப்போகும் பேச்சே இல்லை.

அவனை நிறுத்த அவளிடம் மிச்சமிருந்தது அந்த ரொட்டிதான். கல்யாணமான மறுநாள் அவனே சொன்ன கதை. ஆயிரம் வருடத்துக்கு முன் பாக்தாத்தில் தாபித் இப்னு குர்ரா என்றொரு கணக்குப் புலி, நட்பு எண்களைக் கண்டுபிடிக்க வழி சொன்னாராம். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் சின்ன எண்களைக் கூட்டினால் அதன் ஜோடி வரும். ஜோடிக்கும் அப்படியே கூட்டினால் முதல் எண் திரும்பி வரும். அரபு நாட்டில் அந்த ஜோடியைத் தின்பண்டத்தில் எழுதி ஆளுக்கொன்று தின்றால் பிரியம் விட்டுப்போகாது என்று நம்பினார்களாம். தனக்கு 220, அவளுக்கு 248 என்றான். அன்றிலிருந்து சண்டை வந்தாலே இந்த ரொட்டிதான்.

தங்கை ஜெயந்தினி தேத்தண்ணி ஊற்றினாள். கொழும்பில் கார்மென்ட் வேலை, லீவில் வந்திருந்தாள். அக்கா கல்யாணத்துக்கு வந்தபோதே மணிக்கட்டில் ஏதோ எண்ணைப் பச்சை குத்தியிருந்தாள். ஹாஸ்டல் ரூம் நம்பர் என்று சொல்லி ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

நிரஞ்சன் தட்டைப் பார்த்துச் சிரித்தான். தன் ரொட்டியைப் பிய்த்துத் தின்றான். தனுஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன் ரொட்டியை அவளும் கடித்தாள்.

"ஒருதடவையாவது இதைக் கூட்டிப் பாத்தியா?" போனை அவள் பக்கம் தள்ளினான். "என் நம்பருக்குக் கூட்டு."

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, பத்து, பதினொன்று, இருபது, இருபத்திரண்டு, நாற்பத்து நான்கு, ஐம்பத்தைந்து, நூற்றுப் பத்து.

"தப்பா வருதுங்க. 284னு காட்டுது."

"தப்பில்ல. ஜோடி அதுதான்."

"அப்ப எனக்கு ஏன் 248?"

"சரியானதை முந்தியே குடுத்துட்டேன். நீதான் எதைப் போட்டாலும் திங்கிறியே."

கடித்த ரொட்டியைத் தனுஜா தட்டிலேயே வைத்தாள்.

"நேரமாச்சு மாமா," என்று ஜெயந்தினி எட்டி அவன் பையைத் தூக்கினாள். ஸ்வெட்டர் கை மேலேறியது.

மணிக்கட்டில் பச்சையாக 284.