பிந்திய கைதட்டல்

மன்னாரிலிருந்து பாம்பனுக்கு வந்த கள்ளத்தோணி கவிழ்ந்ததில் குல்சுமின் புருஷன் பாக்கரும் போய்விட்டான் என்று ஜமாஅத்தில் முடிவாகிவிட்டது. நீந்திக் கரையேறிய ஒருவன், இருட்டில் தன் பின்னால் தோணியில் ஏறியது பாக்கராகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னான். மய்யித்து கரை ஒதுங்கவில்லை. நாளை முதல் குல்சும் வெள்ளைச் சேலை கட்டி, நாலு மாதம் பத்து நாள் உள்ளறையில் இத்தா இருக்க வேண்டும். அந்த அறையைத்தான் அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். தன்னை விதவையாக்கிக்கொள்ளும் வேலையையும் தானே செய்ய வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரமாக வந்தது.

பக்கத்து வீட்டு அப்துல் ஹமீதின் ரேடியோவில் இலங்கை ஒலிபரப்பு, மன்னார் தர்காவின் கந்தூரிக் கச்சேரி. பாட்டு முடிந்தது. கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டி ஓய்ந்தது. எல்லாம் அடங்கிய பிறகு ஒரே ஒரு ஆள், சாவகாசமாக, இரண்டு தட்டு.

விளக்குமாறு கையிலிருந்து நழுவியது. பாக்கர் பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். ஊரே தட்டி முடித்த பிறகுதான் விழித்து, இரண்டு தட்டு தட்டுவான். கல்யாணக் கச்சேரியில் பாடியவரே சிரித்துவிட்டார். அந்தப் பாழாய்ப்போன பழக்கத்துக்காக அவள் அவனை எத்தனையோ தடவை கிள்ளியிருக்கிறாள்.

"மாமி, அவுக மன்னார்லதான் இருக்காக. இப்பத்தான் கை தட்டுனாக. நான் இத்தா இருக்க மாட்டேன்."

மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மாமியார் அழுதாள். பாக்கரின் அண்ணன் ஹாஜா முகைதீன் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

"அது பதிஞ்சு வச்சுப் போடுறதும்மா. வெள்ளிக்கிழமை மறுபடி போடுறாகளாம்."

"கச்சேரி எப்ப நடந்துச்சு மச்சான்? தோணிக்கு முந்தியா, பிந்தியா?"

"தோணி கெளம்புன அன்னிக்குங்குறாக. மறுநாளுங்குறாக. ஒருத்தருக்கும் சரியாத் தெரியல."

ஹாஜா கெஞ்சியதில் இத்தா வெள்ளி வரை தள்ளிப்போனது. குல்சுமுக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது துணியை உதறினால்கூட எழுந்து நின்றாள்.

ஜும்ஆ முடிந்ததும் அப்துல் ஹமீது ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் வைத்தார். அதே பாட்டு, அதே ஆரவாரம். அடங்கியது. பிறகு அந்த இரண்டு தட்டு.

"எம்புள்ளதான்," என்று மாமியார் குல்சுமின் கையைப் பிடித்துக்கொண்டாள். குல்சும் சிரித்தாள், அடக்க முடியவில்லை.

அடுத்த பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்து ஓய்ந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஆர்மோனியம்தான் தொடங்கியது. அதற்கடுத்த பாட்டிலும் அப்படித்தான்.

"எங்க எந்திரிச்சுப் போறான்?" என்று மாமியார் ஹாஜாவைக் கேட்டாள்.

குல்சுமுக்குத் தெரியும். பாக்கர் எந்தக் கச்சேரியையும் பாதியில் விட்டு எழுகிறவன் இல்லை, யாராவது தோளைத் தொட்டு, தோணிக்கு நேரமாகிவிட்டது என்று கூப்பிட்டாலொழிய.

மாமியார் எழுந்து போய் ரேடியோவின் மேல் கையை வைத்தாள். பெட்டி சூடாக இருந்தது.

"உக்காருப்பா," என்றாள். "எந்திரிக்காத."

பாட்டு போய்க்கொண்டிருந்தது.