மூடியில் ஒட்டிய முகம்

அசோரிகா கூடை முடையும் பெண்கள் சங்கத்துக்கு ஒரு மூணு சக்கர மோட்டார் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்லக் கூடாதாம், வழங்கப்பட்டது. வழங்கியவர் எங்கள் வட்டாரத்தின் சபை உறுப்பினர், ஹானரபிள் அட்டுபிகா. பணம் அரசாங்கத்துடையது. வண்டி துறைமுகத்திலிருந்து வந்தது. தன்னுடையது என்று ஹானரபிள் சொல்லிக்கொள்ள அதில் இருந்தது ஸ்டிக்கர் மட்டும்தான். அதனால் அந்த ஒரு விஷயத்தில் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை.

பின்பெட்டியின் மூன்று பக்கமும் அவர் முகம். மட்கார்டில் முகம். முன்விளக்கில் பாதி முகம். இருட்டில் விளக்கைப் போட்டால் சாலையின் இடது பக்கம் மட்டும் தெரியும், வலது பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வார். பெட்ரோல் டாங்கின் இரு பக்கமும் முகம். டாங்கின் மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்ட மூடி இருக்கிறதே, அதற்கென்றே அளவெடுத்து வெட்டிய வட்ட முகம் ஒன்று. ஒட்டவந்த ஆள் அதைக் கட்டைவிரலால் ஒருமுறை, துணியால் ஒருமுறை என்று அழுத்தித் தேய்த்துவிட்டு, "மழை பெஞ்சாலும் உரியாது" என்றான். அவன் சொன்னது பொய்யில்லை.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர். பெண்கள் சங்கத்துக்கு ஆம்பளைச் செயலாளரா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதத் தெரிந்தவர்தான் செயலாளராக இருக்க வேண்டும் என்பது விதி. சங்கத்தில் எழுதத் தெரிந்த நாலு பெண்களுக்கும் வேலை இருந்தது. எனக்கு இல்லை.

வண்டியோடு ஒரு ஒப்பந்தத் தாளும் வந்தது. அதை எல்லோருக்கும் உரக்கப் படித்தவன் நான்தான். ஐந்தாவது விதி: வழங்கியவரின் படங்களை உரித்தாலோ மறைத்தாலோ வண்டி திரும்பப் பெறப்படும். ஏழாவது விதி: வண்டி தொடர்ந்து மூன்று சந்தைகளுக்குப் போய்ச் சேராவிட்டால் இளைஞர் அணியின் பொறுப்பில் விடப்படும். இளைஞர் அணி என்பது ஹானரபிளின் அக்கா மகன். ஆற்று மணல் அடிக்க அவனுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது.

சாவி தலாத்தாவிடம் இருந்தது. எங்கள் ஊரில் மூணு சக்கரம் ஓட்டத் தெரிந்த ஒரே பெண் அவள். ஆறு வருஷம் தலையில் கூடை அடுக்கிக்கொண்டு போல்கா சந்தைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் நடந்தவள். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "இது இனி மண்ணுக்குள்ள போறப்பதான் என் கழுத்தை விட்டு இறங்கும்" என்றாள்.

போல்காவில் மூன்று நாளுக்கொரு சந்தை. முதல் சந்தைக்கு நாற்பது கட்டுக் கூடையோடு கிளம்பினாள். குட்டிப் பாலம் தாண்டியதும் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. தள்ளிக்கொண்டு வந்தோம்.

ஊரில் மெக்கானிக் இன்ஜினியர் நியாபா. தலைநகரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். போகும்போது வெறும் நியாபாதான், வரும்போது இன்ஜினியர். பயிற்சியில் கொடுத்த சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார். குனிந்து போல்ட் முடுக்கும்போது அது எண்ணெயில் தோயும், உடனே நிமிர்ந்து துடைப்பார். அதனால் ஒரு போல்ட்டுக்கு அரைமணி ஆகும். 'மூணு சக்கர வண்டியின் பொதுவான கோளாறுகளும் தீர்வுகளும்' என்று ஒரு கையேடும் வைத்திருந்தார்.

"முதல் பக்கம்," என்று படித்தார். "எரிபொருள் உள்ளதா எனச் சோதிக்கவும்." மூடியைத் திறந்து, போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்து, "உள்ளது" என்று அறிவித்தார். மூடி திறந்தபோது 'உஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. சத்தத்தைப் பற்றி முதல் பக்கத்தில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

இரண்டாம் பக்கத்தின்படி பிளக்கை மாற்றினார். உதைத்தார். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. வேப்பமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினோம்.

இரண்டாவது சந்தைக்குப் போனபோது அதே குட்டிப் பாலம், அதே இருமல். திரும்பத் தள்ளிக்கொண்டு வரும் வழியில், எவனாவது பெட்ரோலை உறிஞ்சிவிட்டானா என்று தலாத்தா மூடியைத் திறந்து பார்த்தாள். சும்மா ஒரு உதை விட்டாள். கிளம்பிவிட்டது. வீடு வரைக்கும் ஓட்டியே வந்துவிட்டாள்.

"மாஸ்டர், மூடியைத் திறந்தா கிளம்புது" என்றாள் நியாபாவிடம்.

"நீ டிரைவரா, டாக்டரா?" என்றார் நியாபா. "நோயாளி மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. மூணாம் பக்கம், கார்புரேட்டர்."

மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வண்டி கிளம்பியது. வேப்பமரம், வட்டம், கைதட்டல். அதன்பிறகு யாரும் கேட்காமலே பேட்டரி முனையைச் சுரண்டினார், கிளட்ச் வயரை மாற்றினார். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் முன்னால் முதல் பக்கம். ஒவ்வொரு வைத்தியமும் வெற்றி.

வெள்ளிக்கிழமை மூன்றாவது சந்தை. அன்று தானே நேரில் வந்து வண்டியைப் பார்வையிடுவதாகவும், அதன் பின்பெட்டியில் நின்றபடியே சந்தைக்கு வரப்போவதாகவும் ஹானரபிள் ஆள் அனுப்பினார். அக்கா மகன் செய்தி வந்த அன்றே மணல் அள்ள இரண்டு மண்வெட்டி வாங்கினான்.

தலாத்தா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊர் மெக்கானிக் ஜியெம்மிடம் போனாள். ஜியெம் தகாபா இனத்துக்காரன், நாங்கள் ஃப்ராஃப்ரா, ஹானரபிளும்தான். முறைமாமன் முறைப்பெண்ணைக் கேலி செய்வதுபோல, இங்கே ஒரு இனமே இன்னொரு இனத்துக்குக் கேலி முறை. பழைய காலத்தில் ஒரு நாய்த் தலையை யார் தின்றது என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. என்ன திட்டினாலும் கோபம் வரக் கூடாது. வந்தால் ஒரு கோழி அபராதம். அதோடு சாகும்வரை ஊர் சிரிக்கும்.

"வாடி என் அடிமையே," என்றான் ஜியெம், வேறொரு வண்டிக்கடியில் படுத்தபடியே. "உங்க ஊர்ல நாயெல்லாம் தீந்துபோச்சா? என் வீட்டு வாசல்ல மோப்பம் பிடிக்கிறே?"

"உன் சட்டியில ஒரு தலை வேகுதுன்னு கேள்விப்பட்டேன்," என்றாள் தலாத்தா. "எங்க பாட்டன்கிட்ட நீங்க திருடினதாச்சே, வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

"கூட யாரு, பொம்பளைச் சங்கத்து ஆம்பளையா? பாவம், நாயே தேவலாம்."

நான் சிரித்தேன். வேறு வழியில்லை.

அவன் கையேடு எதையும் புரட்டவில்லை. மூன்றே கேள்வி கேட்டான். எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது? எப்போதும் அதே தூரமா? என்ன செய்தால் கிளம்புகிறது? தலாத்தா சொன்னாள். மூடியைத் திறந்தான், 'உஸ்' என்றது. மூடினான். மூடியில் இருந்த முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"மூடிக்கு நடுவுல ஊசிமுனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும்டி. அது வழியாத்தான் டாங்குக்குள்ள காத்துப் போகணும். காத்து போகலேன்னா பெட்ரோல் கீழ இறங்காது. உங்காளு தன் மூஞ்சியை வெச்சு அதை அடைச்சிட்டான். வண்டிக்கு ஒரு வியாதியும் இல்லை. மூச்சுத் திணறல்."

வீட்டு ஊசியால் குத்திப் பார்த்தோம். வெயிலில் பசை இளகி ஓட்டையை மூடிக்கொண்டது. மூடியைத் தளர்த்தி ஓட்டலாமா என்று கேட்டேன். "குழியில குதிச்சா சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சிந்தும். அப்புறம் உன் சங்கத்துக்கு இரங்கல் கடிதம் எழுதுற வேலைதான் உனக்கு" என்றான். வழியெல்லாம் நின்று நின்று மூடியைத் திறந்து மூடிக்கொண்டே காலம் தள்ளவும் முடியாது. உரிக்க வேண்டும், அல்லது நல்ல பெரிதாக ஒரு ஓட்டை போட வேண்டும். இரண்டுக்கும் குறுக்கே ஐந்தாவது விதி நிற்பதாகத் தோன்றியது.

நியாபாவிடம் சொன்னோம். அவர் கையேட்டைப் புரட்டி, ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார். "மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருப்பின் அடைப்பை நீக்கவும்," என்று படித்தார். முகம் வெளுத்தது. "எனக்கு இது முன்னாடியே தெரியும். ஆனா அடைச்சிருக்கிறது யாருன்னு புத்தகத்துல போடலையே."

செயலாளர் என்ற முறையில் நானே ஹானரபிள் வீட்டுக்குப் போனேன். அவர் முன்னால் பீட்டோ, அதாவது எங்கள் ஊர்ச் சோளக் கள், நிறைந்த சுரைக்குடுக்கை இருந்தது. எனக்கு ஒன்று கொடுக்கும் அளவுக்குச் சந்தோஷமாக இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என் முகத்தாலயா வண்டி நிக்குது?"

"முகத்தால இல்லை ஹானரபிள். முகம் இருக்கிற இடத்தால."

"யாரு சொல்லிக்கொடுத்தது, எதிர்க்கட்சியா? ஏழு ஊருக்கு இதே வண்டி கொடுத்திருக்கேன். ஒரு ஊர்லயும் இப்படிப் புகார் இல்லை."

அந்த ஏழு ஊரிலும் வண்டி என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். ஒன்றில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எழுந்துகொண்டேன். கொடுத்த சுரைக்குடுக்கையை ஹானரபிள் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தலாத்தா மறுபடி ஜியெம்மிடம் போனாள். "வெள்ளிக்கிழமை குட்டிப் பாலத்துப் பக்கம் வாடா. உன்னைப் பாக்காம எங்க ஹானரபிளுக்குச் சோறு இறங்கலையாம்."

ஜியெம் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "ஃப்ராஃப்ராக்காரிக்கு இவ்வளவு மூளை ஆகாதுடி. யார்கிட்ட திருடினே?"

வெள்ளிக்கிழமை ஹானரபிள் புதுச் சட்டையில் வந்தார். கோடு போட்ட கைத்தறி, முழங்கால்வரை, சுற்றினால் குடை மாதிரி விரியும். கூடவே போட்டோக்காரர், அக்கா மகன், கையேட்டோடு நியாபா. கூடைக் கட்டுகளின் நடுவில் ஏறி நின்று, சாலையோரத்து ஆடுகள் உட்பட எல்லோருக்கும் கையசைத்தபடி வந்தார். நானும் பெட்டியில் ஒரு மூலையில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

குட்டிப் பாலம் தாண்டியதும் வண்டி இருமியது. நின்றது.

வெயில் நெற்றியில் இறங்கியது. சந்தைக்குப் போகிற பெண்கள், சைக்கிள்காரர்கள், கழுதை வண்டிக்காரர் எல்லோரும் நின்றுவிட்டார்கள். நியாபா முதல் பக்கத்தைப் பிரித்தார். மூடியில் கை வைக்கப் போனவர் என்ன நினைத்தாரோ, நேராக இரண்டாம் பக்கத்துக்குத் தாவினார்.

"நான் அப்பவே நினைச்சேன்," என்றார் ஹானரபிள் மேலிருந்தே. "பொம்பளைக் கையில இன்ஜினைக் கொடுத்தா இப்படித்தான். மூணாவது சந்தை. சாவியைக் கழட்டும்மா."

அக்கா மகன் கையை நீட்டினான். தலாத்தா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள், கழற்றவில்லை.

"அட, என் அடிமை மேடை ஏறியிருக்கானே!" சைக்கிளில் வந்து இறங்கினான் ஜியெம். "ஏண்டா அட்டுபிகா, நாய் இறைச்சி விக்கப் போறியா? சரக்கு எங்கே, உன்னைத்தான் விக்கிறாங்களா?"

கூட்டம் குபீரென்று சிரித்தது. ஹானரபிளுக்கும் சிரிக்க வேண்டியதாயிற்று. பல்லை மட்டும் அனுப்பிவைத்தார். "போடா தலைதின்னி. இங்க அரசாங்க வேலை நடக்குது."

"நடக்கலையே, நின்னுபோச்சே. ஒரு கொலை நடந்திருக்குன்னு கேள்விப்பட்டு வந்தேன்." ஜியெம் வண்டியைச் சுற்றி வந்தான். "மூச்சை அடைச்சுக் கொன்னிருக்காங்க. கொன்னவன் மூஞ்சி இங்கயே இருக்கு, பாருங்க. வாயை இறுக்கி மூடிக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கான்."

சட்டைப்பையிலிருந்து, எங்கள் பெண்கள் கூடைக்குத் தோல் கைப்பிடி தைக்கிற கோணூசியை எடுத்தான். மூடியில் இருந்த ஹானரபிளின் இரண்டு உதட்டுக்கும் நடுவே வைத்து, அழுத்தித் திருகினான்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஹானரபிள் மூச்சை உள்ளே இழுத்தார். மூடியில் இருந்தவரைச் சொல்கிறேன். மேலே நின்றவர் மூச்சே விடவில்லை.

தலாத்தா உதைத்தாள். வண்டி கிளம்பியது.

"செயலாளர்!" என்றார் ஹானரபிள். "அஞ்சாவது விதியைப் படி."

படித்தேன். உரித்தாலோ மறைத்தாலோ என்றுதான் இருந்தது. குத்துவதைப் பற்றி யோசிக்கும் அளவுக்கு அதை எழுதியவருக்குக் கற்பனை இல்லை. ஆனால் அதைச் சொல்கிற தைரியம் எனக்கும் இல்லை. ஜியெம்தான் சொன்னான்: "கோபமா ஹானரபிள்? கோழி எங்கே?" கழுதை வண்டிக்காரர் "கோழி, கோழி" என்று எடுத்துக்கொடுத்தார். கூட்டம் பிடித்துக்கொண்டது.

தலாத்தா கயிற்றைக் கழுத்திலிருந்து மேலே தூக்கிக் காட்டினாள். "சாவி வேணும்னா எடுத்துக்கங்க ஹானரபிள். உங்க பையில புது ஸ்டிக்கர் இருக்கும். அந்த ஓட்டை மேல ஒட்டிட்டு, உங்க மருமகனையே ஓட்டச் சொல்லுங்க. நாங்க கூடையை இறக்கித் தலையில வெச்சுக்கறோம். சந்தைக்கு இன்னும் எட்டுக் கிலோமீட்டர்."

ஹானரபிள் சாலையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். புதுச் சட்டையைப் பார்த்தார். அக்கா மகன் மெதுவாகக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"ஓட்டும்மா" என்றார்.

வண்டி போல்காவுக்கு ஒரு தடவைகூட இருமாமல் போனது. சந்தையில் ஹானரபிள் நாற்பது நிமிஷம் பேசினார். வண்டியின் சுவாசப் பிரச்சனையைத் தாமே நேரில் ஆராய்ந்து தீர்த்ததாகவும், மற்ற ஏழு ஊர்களிலும் துளையிடும் திட்டம் அடுத்த வாரம் தொடங்கும் என்றும், திட்ட மேற்பார்வை இன்ஜினியர் நியாபா என்றும் அறிவித்தார். நியாபா சான்றிதழைத் துடைத்துக்கொண்டார். ஜியெம் அப்போது பீட்டோக் கடையில் இருந்தான். அவன் பெயரை யாரும் சொல்லவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

பேச்சு முடிந்ததும் போட்டோக்காரர் ஒரு யோசனை சொன்னார். பெண்களிடம் ஹானரபிள் சாவி ஒப்படைப்பதுபோல ஒரு படம் வேண்டுமாம். முதலில் ஒப்படைத்தபோது எடுத்தது சரியாக விழவில்லையாம்.

"சாவியை ஒரு நிமிஷம் கொடும்மா," என்றார் ஹானரபிள். "திருப்பித் தந்துடறேன்."

"படத்துக்குத்தானே? நானும் பிடிச்சுக்கறேன்" என்றாள் தலாத்தா. கயிற்றைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

அந்தப் படம் இப்போது சபை அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கீழே 'பெண்களின் கையில் அதிகாரம்' என்று எழுதியிருக்கிறார்கள். ஹானரபிள் சிரிக்கிறார், தலாத்தாவும் சிரிக்கிறாள், இருவர் கையும் சாவியின் மேல். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும், இருவரும் எவ்வளவு பலமாக இழுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று.