செல்லாத நம்பர்

"அதுல கட்டாதீங்க" என்று கத்திக்கொண்டே வெண்ணிலா கூட்டத்தை விலக்கி ஓடினாள். துணிப்பந்தலின் ஒரு மூலைக் கயிற்றை, வீட்டு ரேடியோ டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியில் சுற்றி முடிச்சுப் போடப் போன பந்தல்காரர் கையை எடுத்துக்கொண்டார். அப்பன் உள்ளே கிடக்கிறான், பெண் கம்பிக்குக் காவல் நிற்கிறாள் என்று யாரோ முணுமுணுத்தது அவள் காதிலும் விழுந்தது. விழட்டும். கம்பி அசைந்தால் உச்சியில் இருக்கும் ஆன்டெனாவும் அசையும். இன்று ஒருநாள் அது அசையக் கூடாது.

உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து வந்து மறுபடி டவரடியில் நின்றாள். காலையிலிருந்து இப்படித்தான்.

திண்டிவனத்துக்கு வெளியே, வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை நடுவே தனியாக நிற்கும் வீடு அது. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அவள் அப்பா தாண்டவராயனுக்கு, வீட்டிலிருந்தே உலகத்தோடு பேசும் ஹாம் ரேடியோ என்றால் சோறு தண்ணி வேண்டாம். சர்க்கரை நோயில் இடது காலை எடுத்த பிறகு விழுப்புரத்தில் மகள் வீட்டோடு வந்துவிட்டார். டவரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டா வர முடியும்? கட்டிலில் படுத்தபடியே லேப்டாப்பில் இன்டர்நெட் வழியாக இங்கிருக்கும் ரேடியோவை ஓட்டினார். நேற்று அந்தக் கட்டிலில்தான் போனார். இன்று காலை உடம்பு சொந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அவருக்கு ஒரு சிநேகிதர், வளவனூர் கோதண்டபாணி. அவருக்கும் அதே பைத்தியம்தான். ரேடியோப் போட்டி என்றால் பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. மோர்ஸ் ஒலியில் ஒருவரையொருவர் கூப்பிட்டு ஒரு நம்பர் கொடுத்து ஒரு நம்பர் வாங்க வேண்டும். கடல் கடந்த ஆள் கிடைத்தால் பாயிண்ட் உண்டு, உள்ளூர்க்காரனுக்கு ஒன்றும் இல்லை. கோதண்டபாணி வீடு கடைத்தெருவில். வெல்டிங் பட்டறையும் பக்கத்து வீட்டு மிக்ஸியும் போடும் இரைச்சலுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு அவர் போட்டி போட வேண்டும். இவரோ விழுப்புரத்தில் ஃபேனுக்கடியில் படுத்துக்கொண்டு, கொல்லை அமைதியில் நிற்கும் ஆன்டெனாவில் உலகத்தைப் பிடிக்கிறார். இது என்ன நியாயம், ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறானோ அங்கேதானே அவன் ஸ்டேஷனும் இருக்க வேண்டும் என்று கோதண்டபாணி கேட்டார். விதியில் இடம் இருக்கிறது என்றார் தாண்டவராயன். அதோடு விட்டிருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு சிரிப்பும் சிரித்து வைத்தார்.

"கால் போச்சுன்னா ஓட்டப்பந்தயத்துக்கு பைக்குல வருவியா?" என்று கேட்டுவிட்டார் கோதண்டபாணி.

அன்றோடு பேச்சு நின்றது. எந்தப் போட்டியிலும் தாண்டவராயன் கூப்பிட்டால் கோதண்டபாணி பதில் கொடுப்பதில்லை. பாயிண்ட் இல்லாத அந்த ஒரு பதிலுக்காக இவர் கூப்பிடாமல் இருந்ததும் இல்லை. ஆனால் போனை எடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். இரண்டு கிழங்களுக்கும் ரோஷத்தில் மட்டும் குறைச்சலே கிடையாது.

நேற்றும் போட்டி. கை நடுக்கம் வந்ததிலிருந்து அப்பா ஹெட்போனில் கேட்டுச் சொல்வார், வெண்ணிலா லேப்டாப்பில் பட்டனைத் தட்டினால் மோர்ஸாகப் போகும். அவள் பக்கம் சின்ன ஸ்பீக்கர் ஒன்று மெல்ல ஒலித்துக்கொண்டிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, "தெக்கால திருப்பு" என்றார். ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் சத்தம் பலமாகப் போகும். திண்டிவனத்துக்குத் தெற்கே வளவனூர், அதைத் தாண்டினால் போகப் போகக் கடல். ஒரு பாயிண்டும் தேறாது. கலக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்தாலும் ஆன்டெனாவைத் திருப்பினாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பி அவள் கூப்பிடும் பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வந்தது. அவளுக்குக் காதால் அடையாளம் தெரிந்த ஒரே அழைப்பு, கோதண்டபாணியுடையது. "அப்பா, மாமா வந்துட்டாரு" என்று திரும்பினாள். ஹெட்போன் காதிலேயே இருந்தது. கண் நிலைகுத்தியிருந்தது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் விரல் முதலில் நம்பரைக் கொடுத்தது. நன்றிக்கான பட்டனை நடுக்கத்தில் இரண்டு முறை அமுக்கியது. அதன் பிறகுதான் அம்மாவைக் கூப்பிட வாய் வந்தது. பெற்ற அப்பன் போன நேரத்தில் முதலில் பட்டனை அமுக்கிய அந்த விரலை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

கோதண்டபாணி மாலையோடு வந்தார். பிரீசர் பெட்டியின் கால்மாட்டில், வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு வெளியே வந்து, டவரடியில் நின்றிருந்த வெண்ணிலாவிடம் வந்தார்.

"நேத்து அவனுக்கு நம்பர் குடுத்தேம்மா" என்றார். "இத்தினி வருஷத்துல அவ்ளோ சத்தமா அவன் வந்ததே இல்ல. பக்கத்துல நின்னுக்கினு கூப்புடற மாதிரி இருந்துச்சு. என்னால வாய மூடிக்கினு இருக்க முடியல. ரெண்டு தடவ தேங்க்ஸ் போட்டான். அவன் யாருக்கும் ரெண்டு தடவ போடமாட்டான். பைக்குன்னு சொன்னத மன்னிச்சுட்டான், இல்லம்மா?"

ஆமாம் மாமா என்று சொன்னால் போதும். யாருக்கு நட்டம்? இவரும் நிம்மதியாக பஸ் ஏறிப் போவார். ஆனால் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்பதற்காகச் சிநேகிதத்தையே விட்ட மனுஷனிடம், ஆளே இல்லாத பதிலை ஆளுடையது என்று கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"நாந்தான் மாமா அமுக்கினேன். நீங்க கூப்புட்டப்போ அப்பா இல்ல. கை நடுங்கி ரெண்டு தடவ பூடுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் மாட்டிக்கொள்ளவில்லை.

"அப்போ அது செல்லாது" என்றார். "நானும் கணக்குலேருந்து எடுத்துடறேன். நீயும் எடுத்துடும்மா."

இப்போதும் நியாயமா என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் குரல் உடைந்திருந்ததைக் கேட்டதும் அது வந்த வழியே போனது.

"சரி மாமா. ஆனா ஆன்டெனாவ தெக்கால திருப்பச் சொன்னது அப்பாதான். அதான் கடைசியா பேசினது."

கோதண்டபாணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஆன்டெனா வளவனூர்ப் பக்கம் பார்த்து நின்றது. 

மேளம் உரக்க அடிக்கத் தொடங்கியது. காற்று கிளம்பிப் பந்தலின் அந்த மூலை கழன்று பெண்கள் தலைமேல் அடித்தது. கட்ட வேறு இடம் கிடைக்காத பந்தல்காரர் கயிற்றோடு மறுபடி ஸ்டே கம்பிக்கே வந்தார். வெண்ணிலா வாயைத் திறப்பதற்குள் கோதண்டபாணி கையை நீட்டிக் கயிற்றை வாங்கி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார்.

வாய்க்கரிசி போட வரச் சொல்லி உள்ளிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. பாடை பந்தலைத் தாண்டிப் போனபோதும் வெயிலில் அப்படியே நின்றார். காற்று இழுத்த பக்கமெல்லாம் அவர் கை போய்ப் போய் வந்தது. டவர் அசையவில்லை.