நாற்பது பக்கம் வரை யாரும் சாகவில்லை

1

இந்தக் கதை பலாங்கொடை பஸ்ஸில் பிறந்தது. முன்சீட்டில் ஒருத்தி போனில் சொல்லிக்கொண்டு வந்தாள்: "அந்தாளு செத்தா நான் தேங்கா ஒடைக்கிறேங்க!" எந்த ஆள் என்று தெரிவதற்குள் இறங்கிவிட்டாள். இத்தனை காலமும் குடும்ப நாவல் எழுதியவள் நான். என் கதையில் எப்பேர்ப்பட்ட மாமியாரும் கடைசி அத்தியாயத்தில் மருமகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிடுவாள். ஒரு தடவையாவது கடைசிவரை திருந்தாதவர்களை எழுதிப் பார்ப்போம் என்று அன்றே முடிவெடுத்தேன். அதில் ஒரு கொலையும் இருக்கட்டும்.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

எஹலியகொடையில் மழை பெய்துகொண்டிருந்தது. (எப்போதுதான் பெய்யவில்லை? அடித்தாயிற்று.)

மாணிக்கக் குழியில் ஒற்றைச் செருப்பு மிதந்தது, அது... (யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.)

ராகினிக்குத் தன் மாமனாரைப் பிடிக்காது.

இது நின்றது. ராகினியின் கணவன் கட்டாரில். அவளும் மாமனார் நடராஜாவும் எஹலியகொடைக் கடைவீதியில் ஒரே பலசரக்குக் கடையில் நிற்கிறார்கள். றப்பர் தோட்டத்துச் சனங்களுக்குச் சாமான் நிறுக்கும்போது நடராஜா தராசில் விரலை வைப்பார். ராகினி அப்படிச் செய்யமாட்டாள். அவள் எடை கூடப் பருப்பிலே தண்ணீர் தெளித்து வைப்பாள். கடை யாருக்கு என்பதுதான் நாற்பது பக்கச் சண்டை.

படித்துவிட்டு ஹப்ஸா போன் எடுத்தாள். கல்லூரி நாளிலிருந்து என் முதல் வாசகி அவள்தான்.

"என்ன புள்ள இது? நாப்பது பக்கமாகியும் ஒருத்தனும் மௌத்தாகல்லயே!"

"கொஞ்சம் பொறு."

"பொறுக்கிறதுக்கு நல்ல மனுசர் ஒருத்தராவது ஈக்கணுமே. அந்த ராகினிக்கு ஒரு பூனக்குட்டியாவது குடேன், தடவிக்கிட்டு ஈக்கட்டும்."

கொடுக்கவில்லை.*

* ஒரு பிரதியில் கொடுத்தேன். அவள் அதை அடுத்த கடைக்கு விரட்டிவிட்டாள்.

3

நாற்பத்தோராம் பக்கத்தில் மாணிக்கக் கல் தரகன் இந்திரகுமார் செத்தான். நடராஜாவைக் கடையை விட்டுக் கிளப்பித் தருவதாக ராகினியிடமும், ராகினியைக் கிளப்பித் தருவதாக நடராஜாவிடமும் சொல்லி வைத்திருந்தவன். விசயம் வெளியானதும் தோட்டத்து எல்லையில், கைவிட்ட மாணிக்கக் குழியின் விளிம்பில், மூவரும் நின்று கத்தினார்கள். இருவர் திரும்பி வந்தார்கள். தள்ளியது ஒரே ஒரு கை.

4

பொலிஸ் நிலையம். இன்ஸ்பெக்டருக்குச் சிங்களம் மட்டும். ராகினிக்கு மொழிபெயர்க்க ஆள் வேண்டாம்; கடைவீதியில் வளர்ந்தவள், சிங்களம் அவள் நாவில் தண்ணீராக ஓடும். வினையே அங்கேதான்.

"கவுத தல்லு களே?" யார் தள்ளியது என்று கேட்டார்.

"மாமா" என்று சொல்லப் போனாள். அல்லது அப்படித்தான் நான் எழுதப் போனேன். அழுகையில் குரல் சுருங்கி "மம" என்று விழுந்தது. நீட்டிச் சொன்னால் சிங்களத்திலும் மாமா மாமாதான். நீட்டாமல் மம என்றால், நான்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"உண்மைய உளறிட்டா புள்ள!" என்றாள், இதையும் படித்துவிட்டுப் போன் எடுத்த ஹப்ஸா.

"பயத்துல குரல் கட்டியிருக்கலாமே?"

"எழுதினது நீ. ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். குழியின் விளிம்பில் நானும்தான் நின்றேன். சொல்லப் போவதில்லை, அவ்வளவுதான்.

5

முடிவு அ: மாமனாரைக் காப்பாற்ற "நான்தான்" என்று ராகினி பழியை ஏற்கிறாள். நடராஜா கதறுகிறார். (என் பழைய வாசகிகளுக்குப் பிடிக்கும். ஆனால் பருப்பில் தண்ணீர் தெளித்தவள் இவள். அடித்தாயிற்று.)

முடிவு ஆ: அப்போது கதவைத் திறந்துகொண்டு இந்திரகுமாரின் மனைவி...

வேண்டாம். புது ஆளை இழுத்து வருவது எனக்குக் கேவலம். இந்த இருவரே போதும். ஒருவர் உள்ளே போனால் மற்றவருக்குக் கடை.

"ஆயெத் கியன்ன" என்றார் இன்ஸ்பெக்டர். இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்.

வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நடராஜா தொண்டையைச் செருமினார். "நிதானமாச் சொல்லும்மா."

"இப்ப மட்டும் என்னங்க அம்மா? நடிக்காதீங்க."

அவள் அவரைத் திட்டும்போது வாக்கியத்தின் கடைசியில் எப்போதும் ஒரு 'மாமா' வரும். இந்தத் தடவை அதை விழுங்கிவிட்டாள். அவருக்கு அது விளங்கிவிட்டது. இங்கே அந்தச் சொல் இனி வெறும் விளிப்பு அல்ல, சாட்சி.

வாசகரே, தமிழில் எழுதினால் மம, மாமா என்ற அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருப்பவை வெறும் துணைக்கால்கள். அவற்றை நான் போடவில்லை. முதல் தடவை வாய் தவறியிருக்கலாம். இரண்டாம் தடவை அவள் எதைச் சொன்னாலும் அது தெரிந்து சொன்னது.

இரண்டில் எந்தச் சொல்லானாலும் முதலில் உதடுகள் மூடவேண்டும். ராகினி மூடிவிட்டாள்.

திறக்க வேண்டிய வாய் உங்களுடையது.